செத்தும் ஆயிரம் பொன்: காலாவதியான இன்சூரன்ஸ் பாலிசிகள் விஷ மண்ணைச் சுத்தம் செய்த கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குக் கதை ஒரு பள்ளத்தாக்குல ஆரம்பிச்சு, ஒரு இன்சூரன்ஸ் பாலிசியோட வாசகத்துல போய் முடியப்போகுது. "இன்சூரன்ஸா?"ன்னு கேட்டுட்டு அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க. 70 கோடி டாலர் பில்லை யார் கட்டுறதுங்கிற சண்டை இது.

1955ஆம் ஆண்டு. கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே ரிவர்சைடு கவுண்டி. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் திரவக் கழிவை எங்கே கொட்டுவது என்று மாநில அரசு இடம் தேடிக்கொண்டிருந்தது. அரசின் புவியியலாளர் ஒருவர் ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தார். அடியில் நீர் இறங்காத கெட்டிப் பாறை இருக்கிறது. பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் 250 அடிக்குத் திறந்து கிடக்கிறது. அதை ஒரு கான்கிரீட் தடுப்பணையால் அடைத்துவிட்டால் மாசு அபாயம் இருக்காது. இதுதான் அறிக்கையின் சாரம்.

1956இல் அந்த இடம் திறக்கப்பட்டது. பெயர் ஸ்ட்ரிங்ஃபெல்லோ. பிற்பாடு ஊர் முழுக்க 'ஆசிட் குழிகள்' என்றே அதைச் சொல்லத் தொடங்கியது. 1972இல் மூடும் வரை அங்கே கொட்டிய கழிவு 3 கோடி காலனுக்கும் மேல். நம்ம கணக்குல சொன்னா, 12,000 லிட்டர் தண்ணி லாரி 9,000 தடவைக்கு மேல வந்து கொட்டின அளவு.

அறிக்கையில் மூன்று தவறுகள் இருந்தன. பள்ளத்தாக்கின் தரைக்கு 70 அடி கீழே நிலத்தடி நீர் ஓடியது. புவியியலாளர் அதைக் கவனிக்கவில்லை. கெட்டிப் பாறை என்று அவர் சொன்ன பாறை முழுக்க விரிசல். தடுப்பணையும் தாங்கவில்லை. 1969இல் பெருமழை பெய்தபோது கழிவு வெளியேறியது. 1978இல் மறுபடியும் பெருமழை. இந்த முறை அணையே போய்விடுமோ என்ற நிலைமை வந்ததால், அதிகாரிகளே கழிவு கலந்த தண்ணீரைப் பைரைட் கால்வாயில் திறந்துவிட வேண்டியதாயிற்று. கீழே இருந்த ஊர் க்ளென் ஏவன். அங்கே நுரை பொங்கி வந்த தண்ணீரில் குழந்தைகள் விளையாடியதை ஊர்க்காரர்கள் பிற்பாடு பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிலத்தடியில் மாசு மைல் கணக்கில் பரவியது.

இதைச் சுத்தம் செய்ய 70 கோடி டாலர் வரை ஆகலாம் என்று மாநில அரசு பின்னாளில் கணக்குச் சொன்னது. அந்தப் பணத்துக்கு அரசு எங்கே போனது தெரியுமா? 1960களிலும் 70களிலும் தான் வாங்கி, எப்போதோ காலாவதியாகிப்போன இன்சூரன்ஸ் பாலிசிகளிடம் போனது. காலாவதியான பாலிசி எப்படிப் பணம் தரும்? அதான் இன்னைக்கு எபிசோடு.

நான் கொட்டலையே, நான் ஏன் கட்டணும்?

முதல்ல, அமெரிக்காவுல விஷ மண்ணுக்கு யார் பொறுப்புன்னு பார்த்துடுவோம். அது தெரியாம இன்சூரன்ஸ் பக்கம் போனா ஒண்ணும் புரியாது.

நியூயார்க் மாநிலத்தில் நயாகரா ஃபால்ஸ் நகரம். அங்கே லவ் கெனால் என்று பாதியில் விட்ட ஒரு கால்வாய். 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் அதில் சுமார் 21,800 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. பிறகு மேலே மண்ணைப் போட்டு மூடி, நிலத்தைப் பள்ளி நிர்வாகத்துக்கு 1 டாலருக்கு எழுதிக் கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது. சுற்றி வீடுகள் வந்தன. 1970களின் பிற்பகுதியில் வீடுகளின் அடித்தளத்தில் ரசாயனம் கசியத் தொடங்கியது. 1978 ஆகஸ்டில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அங்கே அவசரநிலை அறிவித்தார். லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய் முன்னின்று நடத்திய போராட்டம் நாடு முழுக்கச் செய்தியானது.

அதன் விளைவாக 1980 டிசம்பர் 11 அன்று கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தைத்தான் 'சூப்பர்ஃபண்ட்' என்கிறார்கள். அதோட பல் எங்கே இருக்குன்னு பாருங்க. கொட்டியபோது சட்டப்படிதான் கொட்டினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கவனமாகத்தான் இருந்தேன் என்று சொன்னாலும் செல்லாது. சட்டம் வருவதற்கு 30 வருஷம் முன்னால் கொட்டியதற்கும் இன்று பொறுப்பு உண்டு. பத்துப் பேர் கொட்டிய இடத்தில் ஒன்பது பேர் காணாமல் போயிருந்தால், மிச்சமிருக்கும் ஒருவரிடமே முழுச் செலவையும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டியவர் மட்டும் மாட்டுவதில்லை. இன்று அந்த நிலத்துக்கு யார் சொந்தக்காரரோ, அவரும் மாட்டுவார்.

இந்தக் கடைசி வரி பெரிய கம்பெனிகளை மட்டும் தொடவில்லை. ஒரு தெருமுனை ட்ரை க்ளீனிங் கடையை எடுத்துக்கங்க. பல பத்தாண்டுகளாக அமெரிக்க ட்ரை க்ளீனிங் கடைகளில் பெர்க்ளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். அது தண்ணீரைவிட அடர்த்தி அதிகம். கான்கிரீட் தரையின் வெடிப்பு வழியாக இறங்கினால், நிலத்தடி நீரையும் தாண்டி அடியில் போய் உட்கார்ந்துவிடும். எடுப்பது சுலபமில்லை. அந்தக் கடையை அப்பாவிடமிருந்து வாங்கி நடத்தும் ஒருவர், விற்கலாம் என்று நினைக்கும்போது மண் பரிசோதனை நடக்கிறது. ரிப்போர்ட் வருகிறது. வாங்க வந்தவர் ஓடிவிடுவார். வங்கி கடன் தராது. சுத்தம் செய்யும் செலவோ கட்டடத்தின் விலையைவிட அதிகம். சொத்து என்று நினைத்தது கடனாக மாறிவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகும் விஷமும் நிற்கப்போவதில்லை, ஏனென்றால் அதை நிறுத்தக் காசில்லை.

இந்த மாதிரி ஒருத்தர்கிட்ட வக்கீல் கேட்கிற முதல் கேள்வி: "உங்க அப்பா காலத்துல இன்சூரன்ஸ் யார்கிட்ட வச்சிருந்தீங்க?"

நாலு வெர்ஷன்

பைக்குக்கு 'தேர்ட் பார்ட்டி' இன்சூரன்ஸ் எடுக்குறோம் இல்லையா? நம்ம வண்டியால அடுத்தவருக்கு அடிபட்டா இன்சூரன்ஸ் கம்பெனி ஈடு கட்டும். அதையே ஒரு தொழிலுக்கு எடுத்தா அதுதான் பொதுப் பொறுப்புக் காப்பீடு. உங்க கடையால, உங்க ஆலையால அடுத்தவர் உடம்புக்கோ சொத்துக்கோ சேதம் வந்தா, நீங்க கட்ட வேண்டிய நஷ்ட ஈட்டை கம்பெனி கட்டும். பெரும்பாலான பாலிசிகளில் வக்கீல் செலவும் சேர்ந்து வரும்.

அமெரிக்காவில் 1940களின் தொடக்கத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கூட்டமைப்புகள் சேர்ந்து இதற்கு ஒரு பொது வாசகத்தை உருவாக்கின. நாடு முழுக்கக் கிட்டத்தட்ட எல்லா கம்பெனிகளும் அதே வார்த்தைகளைத்தான் அச்சடித்து விற்றன. என்னை மாதிரி கோடு எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். எல்லாரும் ஒரே லைப்ரரியைப் பயன்படுத்துறாங்க, அதுக்கு வெர்ஷன் நம்பர் மாறிக்கிட்டே வருது.

முதல் வெர்ஷன் 'விபத்தால்' வந்த சேதத்துக்கு ஈடு தரும் என்றது. விபத்து என்றால் டமால் என்று ஒரு நொடியில் நடப்பது மட்டுமா, மெல்ல மெல்லக் கசிவதும் சேருமா? கோர்ட்டுகளில் இழுபறி.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1966இல் இரண்டாவது வெர்ஷன். 'விபத்து' என்ற சொல்லுக்குப் பதில் 'நிகழ்வு' என்று போட்டார்கள். தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ ஒன்றுக்கு ஆட்பட்டு, எதிர்பார்க்காத, நோக்கமில்லாத சேதம் வந்தால் அதுவும் நிகழ்வுதான் என்று விளக்கமும் கொடுத்தார்கள். இதை எழுதினது இன்சூரன்ஸ் கம்பெனிகளேதான். யாரும் துப்பாக்கியைக் காட்டி எழுத வைக்கலை. பிரீமியம் வாங்கி, இந்த வாக்குறுதியை லட்சக்கணக்கான தொழில்களுக்கு வித்தாங்க.

அடுத்த சில வருஷத்தில் காற்று மாறியது. 1969 ஜனவரியில் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கசிவு. அதே ஜூனில் ஒஹையோவின் கையஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்யும் குப்பையும் தீப்பிடித்தன. 1970 ஏப்ரலில் முதல் பூமி தினம். ஆண்டு முடிவதற்குள் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென்று மத்திய அரசு நிறுவனமே வந்துவிட்டது. இன்சூரன்ஸ்காரர்களுக்கு வாசனை பிடித்துவிட்டது. 1970இல் மாசுக்கு ஈடு கிடையாது என்று ஒரு இணைப்புத் தாளைச் சேர்த்தார்கள், 'திடீரென்றும் விபத்தாகவும்' நடந்தால் மட்டும் விதிவிலக்கு என்ற வரியோடு. 1973இல் அது பொது வாசகத்துக்குள்ளேயே ஏறியது. இது மூன்றாவது வெர்ஷன்.

1986இல் நாலாவது வெர்ஷன் வந்தது. மாசு என்றால் முழுசாகக் கிடையாது, விதிவிலக்குக்கும் பெரும்பாலும் இடமில்லை. கதவு சாத்தியாச்சு.

ஆக, 1986க்கு முந்தைய பாலிசி கையில் இருந்தால் வாதாட இடம் உண்டு. 1970க்கு முந்தையது இருந்தால் இன்னும் பலம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த பாலிசிகளுக்கு அது அப்படியே பொருந்தும்.

செத்த யானை எப்படிப் பொன் தருது? இந்த பாலிசிகள் 'சேதம் எப்போது நடந்தது' என்று பார்க்கின்றன. க்ளெய்ம் எப்போது வந்தது என்பதைப் பார்ப்பதில்லை. 1968இல் கசிந்து 1968இல் மண் கெட்டது என்றால், அந்தக் கேஸ் 2008இல் வந்தாலும் பதில் சொல்ல வேண்டியது 1968ஆம் ஆண்டு பாலிசிதான். பாலிசி காலம் முடிந்தது, வாக்குறுதி முடியவில்லை. நம்ம ஊர்ல நிலம் வாங்கும்போது தாத்தா காலத்து மூலப் பத்திரத்தைக் கேட்பாங்க இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. தாள் பழசாக ஆக மதிப்பு கூடுது.

பாலிசித் தொல்லியல்

சரி, நாப்பது வருஷத்துக்கு முந்தைய பாலிசியை யார் பத்திரமா வச்சிருப்பாங்க? பெரும்பாலும் யாரும் வச்சிருக்க மாட்டாங்க. காலம் முடிந்த தாள்தானே என்று கிழித்துப் போட்டிருப்பார்கள். இங்கேதான் ஒரு விசித்திரமான தொழில் பிறந்தது. அதற்கு 'இன்சூரன்ஸ் ஆர்க்கியாலஜி' என்றே பெயர். இன்சூரன்ஸ் தொல்லியல். தோண்டுவது பானை ஓடுகளுக்காக இல்லை, பாலிசி நம்பருக்காக.

எங்கெல்லாம் தேடுவார்கள்? பழைய கணக்குப் பேரேட்டில் பிரீமியம் கட்டிய வரவு செலவு. இன்சூரன்ஸ் ஏஜென்டின் கோப்புகள். வங்கிக் கடன் வாங்கும்போது இணைத்த சான்றிதழ். கட்டட உரிமையாளரோடு போட்ட வாடகை ஒப்பந்தம். அரசு கான்ட்ராக்ட் எடுத்திருந்தால், இன்சூரன்ஸ் இருக்கிறது என்று காட்டியே ஆகணும் என்பதால், அரசு ஆவணக் காப்பகத்தில் ஒரு நகல். எப்போதோ யாரோ கடையில் வழுக்கி விழுந்து கேஸ் போட்டிருந்தால், அந்தக் கேஸ் கட்டில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர். ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளையின் ஞாபகம். அன்றைக்கு ஒருவர் விழுந்தது இன்றைக்கு ஒரு கிணற்றைக் காப்பாற்றலாம்.

கம்பெனி பெயர், நம்பர், வருஷம், தொகை வரம்பு, இவ்வளவு கிடைத்தால் கூடப் பல நேரம் போதும். ஏன்? நான் சொன்ன அதே லைப்ரரி விஷயம்தான். வாசகம் பொதுவானது. வருஷம் தெரிந்தால் எந்த வெர்ஷன் என்று தெரிந்துவிடும். வெர்ஷன் தெரிந்தால் முழு வாசகத்தையும் மீட்டெடுக்கலாம். தொலைந்த பாலிசியின் ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே நிரூபிக்கத் தேவையில்லை, முக்கியமான உள்ளடக்கத்தை வேறு சாட்சியங்களால் காட்டினால் போதும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2002இல் டார்ட் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது. அது மாசு வழக்கு கிடையாது, ஒரு மருந்து சம்பந்தப்பட்ட வழக்கு. ஆனால் அந்தத் தீர்ப்பு பழைய பாலிசியைத் தேடும் எல்லாருக்கும் பிடிமானமானது.

ஓரிகான் மாநிலம் இன்னொரு படி மேலே போனது. அங்கே போர்ட்லண்ட் துறைமுகத்தில், வில்லாமெட் ஆற்றின் சுமார் 10 மைல் நீளம் 2000இல் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் ஏறியது. சுத்தம் செய்ய சுமார் 105 கோடி டாலர் ஆகும் என்று 2017இல் மத்திய அரசு மதிப்பிட்டது. கரையோரம் நூற்றுக்கும் மேற்பட்ட தரப்புகளின் தலையில் பொறுப்பு. அந்த மாநிலத்தில் பழைய பாலிசிகளுக்காகவே ஒரு சட்டம் இருக்கிறது. பாலிசியைத் தொலைத்தவர் ஒழுங்காகத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால், இன்சூரன்ஸ் கம்பெனியும் தன் பங்குக்குத் தன் கோப்புகளைத் தேட வேண்டும். "தாள் உங்ககிட்ட இல்லையா, அப்போ கிளம்புங்க"ன்னு சொல்லிட்டுப் போக முடியாது.

நியூ ஜெர்சியில் மாட்டிய வார்த்தை

பாலிசி கிடைச்சதும் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சா, இல்லை. அங்கதான் சண்டையே ஆரம்பிக்கும். 1980கள், 90கள் முழுக்க அமெரிக்கக் கோர்ட்டுகள் இந்தச் சண்டையில்தான் மூழ்கிக் கிடந்தன.

முதல் சண்டை ஒரு சொல்லைப் பற்றி. "நாங்கள் 'நஷ்ட ஈடு' தருவோம் என்றுதான் எழுதினோம். அரசு உத்தரவு போட்டு மண்ணைச் சுத்தம் செய்யச் சொன்னால் அது நஷ்ட ஈடு ஆகாது" என்றன கம்பெனிகள். 1987இல் ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஒத்துக்கொண்டது. 1990இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. சாதாரணமாக பாலிசி வாங்கும் ஒரு மனுஷன் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வானோ அப்படித்தான் படிக்க வேண்டும் என்றது.

இரண்டாவது சண்டை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1970இல் மாசு விலக்கைச் சேர்த்தார்கள் என்று சொன்னேன் இல்லையா? அமெரிக்காவில் பாலிசி வாசகத்தை மாற்றணும் என்றால் மாநில ஒழுங்குமுறை அதிகாரிகளிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அங்கே கம்பெனிகளின் கூட்டமைப்புகள் என்ன சொல்லின? "இது ஒரு தெளிவுபடுத்தல்தான். விபத்தாக வரும் மாசுக்கு ஈடு தொடரும்." பெரிய வெட்டு என்று சொல்லியிருந்தால், பிரீமியத்தையும் குறைக்கச் சொல்லி அதிகாரிகள் கேட்டிருக்கலாம். இருபது வருஷம் கழித்து கோர்ட்டில் அதே கம்பெனிகள் சொன்னது வேறு: 'திடீர்' என்றால் திடீர்தான், மெல்லக் கசிந்தால் ஒரு காசு கிடையாது.

1993இல் மார்ட்டன் இன்டர்நேஷனல் வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய விளக்கக் குறிப்பைத் தூசி தட்டி எடுத்தது. அதிகாரிகளிடம் ஒன்று, வாடிக்கையாளரிடம் இன்னொன்று என்று பேச முடியாது என்று சொல்லி, அந்த விலக்கை அச்சடித்தபடி அமல்படுத்த மறுத்தது. பாலிசி வாங்கினவங்க பழைய தாளைத் தோண்டின மாதிரி, கோர்ட்டு கம்பெனிகளோட பழைய தாளைத் தோண்டிடுச்சு.

ஆனா ஒரு திருப்பம் இருக்கு. அந்த வழக்கில் மார்ட்டன் தோற்றது. வுட்ரிட்ஜ் என்ற இடத்தில் பாதரச ஆலை நடத்தி, பெர்ரீஸ் க்ரீக் என்ற ஓடையைக் கெடுத்த பொறுப்பு அதன் தலையில் இருந்தது. பழைய நிர்வாகங்கள் இந்தச் சேதத்தை எதிர்பார்த்தே கழிவை விட்டிருக்கின்றன என்று நீதிமன்றம் பார்த்தது. எதிர்பார்த்த சேதத்துக்கு எந்த வெர்ஷனிலும் ஈடு கிடையாது. தெரிஞ்சே ஆத்துல விட்டுட்டு, இன்சூரன்ஸ் இருக்குன்னு கை கழுவ முடியாது. விதியை ஜெயிச்சுக் கொடுத்தது மார்ட்டன். பலன் போனது அடுத்தவங்களுக்கு.

இந்தியானாவில் 1996இல் ஒரு பெட்ரோல் பங்க் வழக்கு. இது 1986க்குப் பிந்தைய கடுமையான விலக்கு உள்ள பாலிசி. பூமிக்கடியில் இருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் கசிந்தது. பெட்ரோல் ஒரு 'மாசுப் பொருள்', ஆகவே ஈடு இல்லை என்றது கம்பெனி. அந்த மாநில உச்ச நீதிமன்றம் கேட்டதன் சாரம் இதுதான்: பெட்ரோல் பங்குக்கே ஒரு பாலிசியை விற்றுவிட்டு, பங்கில் நடக்கக்கூடிய பெரிய ஆபத்தான பெட்ரோல் கசிவுக்கு ஈடு கிடையாது என்றால், எதற்கு விற்றீர்கள்? வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி, தீர்ப்பு பங்க் உரிமையாளர் பக்கம் போனது. எல்லா மாநிலமும் இந்தியானா மாதிரி இல்லை. அதே விலக்கை அப்படியே ஏற்றுக்கொண்ட மாநிலங்கள் நிறைய. ஒரே வார்த்தை, மாநில எல்லையைத் தாண்டினா வேற அர்த்தம்.

மறுபடியும் அந்தப் பள்ளத்தாக்கு

இப்போ ஸ்ட்ரிங்ஃபெல்லோவுக்குத் திரும்புவோம். 1993 செப்டம்பரில் கலிஃபோர்னியா மாநிலம் தன் பழைய இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. 1998இல் ஒரு மத்திய நீதிமன்றம் மாநில அரசே இதற்குப் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. இடம் தேர்ந்தெடுத்ததிலும், வடிவமைத்ததிலும், குறையைச் சரிசெய்யாமல் விட்டதிலும், சுத்தம் செய்யத் தாமதித்ததிலும் கவனக்குறைவு. அரசு கொடுத்த அறிக்கைக்கு அரசே மாட்டியது.

ஆனால் ஒரு சிக்கல். கசிவு 1956இலிருந்து நடக்கிறது. அரசிடம் இன்சூரன்ஸ் இருந்ததோ 1963க்கும் 1978க்கும் நடுவில்தான். எந்த வருஷம் எவ்வளவு மண் கெட்டது என்று பிரித்துச் சொல்லவே முடியாது என்பதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. அப்போ எந்த பாலிசி எவ்வளவு கட்டும்?

சும்மா ஒரு கணக்கு வச்சுப் பார்ப்போம். நஷ்டம் 50 லட்சம். சேதம் பல வருஷமா நடந்திருக்கு. உங்ககிட்ட அஞ்சு வருஷ பாலிசி, ஒவ்வொண்ணுக்கும் வரம்பு 10 லட்சம். ஒரு வருஷத்தை மட்டும் தேர்ந்தெடுங்கன்னா 10 லட்சத்தோட கதை முடிஞ்சுது. அஞ்சையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கலாம்னா முழு 50 லட்சமும் கிடைக்கும். இந்த அடுக்கலுக்குத்தான் 'ஸ்டாக்கிங்'னு பேரு.

இதற்கு ஓரளவு பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. நுரையீரலில் வருஷக்கணக்கில் சேதம் செய்யும் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளில், அந்தக் காலம் முழுக்க இருந்த பாலிசிகள் பொறுப்பேற்க வேண்டும் என்று 1981இலேயே ஒரு மத்திய நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1995இல், டிடிடி தயாரித்த மான்ட்ரோஸ் கெமிக்கல் வழக்கில், தொடர்ந்து நடக்கும் சேதத்துக்கு அந்தந்த வருஷ பாலிசிகள் எல்லாமே விழித்துக்கொள்ளும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும் சொன்னது. அடுக்கலாமா என்ற கேள்வி மட்டும் பாக்கி.

விசாரணை நீதிமன்றம் அடுக்கக் கூடாது என்றது. ஒரே ஒரு பாலிசி காலம்தான், அதிகபட்சம் 4.8 கோடி டாலர். ஆனால் அதற்குள் மற்ற இன்சூரன்ஸ் கம்பெனிகளுடன் சமரசம் பேசி அரசு சுமார் 12 கோடி டாலர் வாங்கியிருந்தது. அதைக் கழித்தால் இந்தக் கம்பெனிகள் தர வேண்டியது? பூஜ்ஜியம். ஜூரியிடம் ஜெயித்தும் கையில் ஒன்றுமில்லை.

2012 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பாலிசியில் இருந்த வாசகம், பொறுப்பு உள்ள 'எல்லாத் தொகையையும்' கட்டுவோம் என்பது. 'இந்த வருஷத்துச் சேதத்துக்கு மட்டும்' என்று அந்த இடத்தில் எழுதவில்லை. அடுக்கக் கூடாது என்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் செல்லுபடியாகியிருக்கும் என்பதையும் நீதிமன்றம் சொன்னது. ஆகவே பாலிசி காலத்தில் கொஞ்சமாவது சேதம் நடந்திருந்தால், அந்தந்த பாலிசி தன் வரம்பு வரை மொத்த நஷ்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வரம்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம்.

வழக்குப் போட்டு 19 வருஷம். கொட்டத் தொடங்கி 56 வருஷம்.

அந்தப் பக்கத்து நியாயம்

இன்சூரன்ஸ் கம்பெனிகளை வில்லனாக்கி முடிச்சுட்டா எபிசோடு சுலபமாப் போயிடும். ஆனா அவங்க கேட்கிற கேள்வியிலும் நியாயம் இருக்கு. 1965இல் பிரீமியம் கணக்குப் போட்டவருக்கு, 1980இல் இப்படி ஒரு சட்டம் வரும், அது பின்னோக்கிப் பாயும் என்று எப்படித் தெரியும்? தெரியாத ஆபத்துக்கு விலை போட முடியாது.

அதன் வலியை லண்டன் லாயிட்ஸ் சந்தை பார்த்தது. அங்கே முதலீடு செய்தவர்களுக்கு 'நேம்ஸ்' என்று பெயர். நஷ்டம் வந்தால் வீடு வாசல் வரை பொறுப்பு, வரம்பே கிடையாது. 1988 முதல் 1992 வரையிலான ஆண்டுகளுக்கு லாயிட்ஸ் அறிவித்த நஷ்டம் சுமார் 800 கோடி பவுண்டு. இயற்கைப் பேரிடர்களோடு, அமெரிக்காவின் பழைய ஆஸ்பெஸ்டாஸ், மாசு க்ளெய்ம்களும் அதற்கு முக்கியக் காரணம். பலர் சொத்தை இழந்தார்கள். கடைசியில் 1996இல் பழைய பொறுப்புகளை எல்லாம் மூட்டை கட்டி ஈக்விடாஸ் என்ற தனி நிறுவனத்தில் வைத்தார்கள். 2006இல் அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ள வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே குழுமம் ஒப்பந்தம் போட்டது.

இன்னொரு கசப்பான எண். 1992இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு எடுத்தது. 1980களின் பிற்பகுதியில் இந்த மாதிரிக் கழிவுத் தளங்களுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகள் செலவழித்த பணத்தில் சுமார் 88 சதவீதம் வக்கீலுக்கும் வழக்குக்கும் போயிருந்தது. மண்ணைத் தோண்டுற இயந்திரம் ஓடல. பில்லு ஓடுச்சு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க. இங்க அளந்ததெல்லாம் வக்கீலோட மணி நேரம்தான்.

அப்போ இந்தப் பழைய பாலிசி விளையாட்டு நல்லதா கெட்டதா? நான் இப்படிப் பார்க்கிறேன். மாசு நடந்தாச்சு. அந்தச் செலவு எங்கேயும் மாயமாகப் போகாது. கம்பெனி கட்டவில்லை என்றால் அரசு, அதாவது வரி கட்டுறவர். அரசும் கட்டவில்லை என்றால் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர் தன் உடம்பால் கட்டுவார். க்ளென் ஏவனில் நுரையில் விளையாடிய குழந்தைகளிடம் யாரும் பிரீமியம் வாங்கவில்லை, எந்த வாசகத்துக்கும் ஒப்புதல் கேட்கவில்லை. வரிசையில் நிற்கும் எல்லாரிலும் ஒருவர் மட்டும்தான் "ஆபத்து வந்தால் நான் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துக் காசு வாங்கியவர். எழுதினவருக்கு ஆபத்தின் அளவு தெரியவில்லை என்பது உண்மை. அளவு தெரியாத ஆபத்தைத் தாங்கத்தானே இன்சூரன்ஸ் என்று ஒரு தொழிலே இருக்கு?

அந்த வாக்குறுதி உயிரோடு இருக்கா இல்லையாங்கிறது, ஒரு பேரேடு கிழியாம இருந்ததா, ஒரு ஏஜென்ட் தன் கோப்பைக் குப்பைல போடாம இருந்தாரா என்பதில் போய் நிற்கிறது. 1967இல் யாரோ ஒரு குமாஸ்தா பாலிசி நம்பரைக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் ஒழுங்காக எழுதி வைத்ததால், அவர் பார்க்காத ஒரு ஊரின் நிலத்தடி நீர் இன்று சுத்தமாகலாம். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அதனால, அடுத்த வாரம் ஆபீஸ்ல "பழைய ஃபைலை எல்லாம் அழிச்சுடலாமா"ன்னு யாராவது கேட்டா, டெலீட் அடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாருங்க.